கறிவேப்பிலைக் கொழுந்தில் பறவை எச்சம் போன்ற புழுக்கள்: மருந்து அடிக்க வேண்டுமா?

கொல்லைப்புறம் (மதுரை):
அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டுக் கொல்லையில் இரண்டு கறிவேப்பிலைச் செடிகள் நிற்கின்றன. மாசியில் கவாத்து செய்திருந்தோம். பங்குனிக் கடைசியில் ஒரு நல்ல கோடை மழை பெய்யவும் கொழுந்து தளதளவென்று துளிர்த்தது. இப்போது அந்தக் கொழுந்தின் மேல், காக்கை எச்சம் காய்ந்ததைப் போலக் கறுப்பும் வெள்ளையுமாகச் சிறு புழுக்கள் அசையாமல் கிடக்கின்றன. வேறு சில நன்கு பருத்துப் பச்சை நிறத்தில் உள்ளன. அவற்றைக் குச்சியால் தொட்டால், தலைக்குப் பின்னிருந்து கவட்டை போன்ற சிவந்த கொம்பு ஒன்றை நீட்டுகின்றன, கூடவே ஒரு நெடியும் வருகிறது. இதே சமயத்தில் சன்னல் சட்டத்தில் ஒரு குளவி, குறுகிய கழுத்துள்ள சிறு மண்குடங்களைக் கட்டி வருகிறது. இரண்டுக்கும் சேர்த்து மருந்து அடித்துவிடும்படி பக்கத்து வீட்டார் சொல்கிறார்கள். நாள்தோறும் தாளிக்கப் பறிக்கும் இலை என்பதால் தயக்கமாக இருக்கிறது. இவை என்னவென்று அறிந்தவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

சிறகன்:
வணக்கம். நீங்கள் சொல்லும் இரண்டு வகையும் ஒரே புழுவின் வெவ்வேறு பருவங்கள்தான். எலுமிச்சை அழகி, கறிவேப்பிலை அழகி என்னும் இரு வண்ணத்துப்பூச்சிகளும் எலுமிச்சைக் குடும்பத்துச் செடிகளில் முட்டையிடுபவை, கறிவேப்பிலையும் அக்குடும்பமே. முட்டையிலிருந்து வரும் புழு ஐந்து பருவங்களைக் கடக்கிறது. முதல் நான்கிலும் எச்சத்தின் தோற்றத்தில் இருந்து பறவைகளை ஏமாற்றுகிறது. கடைசித் தோலுரிப்புக்குப் பின் பச்சையாகி இலையோடு இலையாக மறைந்துகொள்கிறது. அப்போது அதன் முன்புறம் தடித்து, கண் போன்ற அடையாளங்களோடு பெரிய தலையைப் போலத் தெரியும். உண்மையான தலை அதற்கும் முன்னால் சிறியதாகக் குனிந்திருக்கும். நீங்கள் பார்த்த கவட்டைக் கொம்பு கொட்டுவதற்கு உரியதன்று. எறும்பு போன்றவற்றை நெடியால் விரட்டும் உறுப்பு அது, மனிதருக்கு ஒரு தீங்கும் இல்லை. புழுவை வைத்து இரண்டையும் பிரித்தறிவது சிரமம், பூச்சியாக வெளிவந்தபின் எளிது: எலுமிச்சை அழகியின் பின்சிறகில் வால் இராது, கறிவேப்பிலை அழகிக்குப் பொதுவாக இருக்கும்.

செங்காம்பு (காரமடை):
எங்கள் பகுதியில் கறிவேப்பிலையைத் தோட்டப்பயிராகவே வைக்கிறோம், ஆகவே இந்தப் புழுவின் பசியை நன்றாக அறிவேன். நாற்றுப் பருவத்துச் செடியை ஒரு சில பெரிய புழுக்களே மொட்டையாக்கிவிடும், அதில் பொறுமை காட்ட முடியாது. ஆனால் வளர்ந்த செடி மறுபடியும் துளிர்த்துக்கொள்ளும். வீட்டில் இரண்டு செடிகளுக்கு மருந்தை நினைக்கவே வேண்டாம் அம்மா. காலையில் கையால் பொறுக்கினால் போதும். கொழுந்தில் தனித்தனியாக ஒட்டியிருக்கும் வெளிர்மஞ்சள் நிறக் கடுகு போன்ற முட்டைகளையும் பார்த்துக்கொள்ளுங்கள். மிகுதியாகிவிட்டால், லிட்டருக்கு 50 கிராம் வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்து இரவு முழுவதும் ஊறவைத்து வடிகட்டி, சிறிது சோப்புக் கரைசல் சேர்த்து மாலையில் தெளியுங்கள். அது புழுவின் தோலுரிப்பைக் குலைக்கும். தெளித்தபின் சில நாள் இலை பறிக்க வேண்டாம். கடையில் விற்கும் கடும் மருந்தை அடித்தால், இந்தப் புழுவின் முட்டைக்குள்ளும் கூட்டுப்புழுவுக்குள்ளும் முட்டையிட்டு அதை அழிக்கும் நுண்ணிய ஒட்டுண்ணிக் குளவிகளும் சேர்ந்து மடியும்; அடுத்த துளிர்ப்பில் புழுக்களைத் தடுக்க ஆளிருக்காது.

சிறகன்:
சன்னல் குளவியைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனெனில் அதுவும் உங்கள் தோட்டத்துக்கு வேலை செய்கிறது. அது தனித்து வாழும் குயவக் குளவி. ஈர மண்ணை உருட்டி எடுத்து வந்து குடத்தை வனைந்து, உட்புறத்தில் ஓர் இழையில் ஒரே ஒரு முட்டையைத் தொங்கவிடுகிறது. பிறகு மயிரில்லாத சிறு புழுக்களைப் பிடித்துக் கொட்டிச் செயலிழக்கச் செய்து, உயிர் போகாத நிலையிலேயே உள்ளே அடுக்கி வாயை மண்ணால் பூசிவிடுகிறது. குஞ்சுக்கு உணவு கெடாமல் இருப்பது இதனால்தான். கதண்டைப் போலக் கூட்டமாக வந்து தாக்கும் இனம் அன்று. கையால் அழுத்திப் பிடித்தால் ஒழியக் கொட்டாது.

கொல்லைப்புறம் (மதுரை):
இருவருக்கும் மிக்க நன்றி. மருந்து அடிப்பதில்லை என்று முடிவு செய்துவிட்டோம். பெரிய செடியில் புழுக்களை விட்டுவிட்டுச் சிறிய செடியில் மட்டும் பொறுக்குகிறேன். சன்னலுக்கு வண்ணம் பூச வேண்டியிருக்கிறது. மண்குடங்களை எப்போது எடுக்கலாம்?

சிறகன்:
குடத்தின் வாய் பூசப்பட்டு, வேறெங்கும் துளை இல்லாதிருந்தால் உள்ளே குஞ்சு வளர்கிறது என்று கொள்ளுங்கள். சுவரில் வட்டமான துளை விழுந்திருந்தால் பெரும்பாலும் குளவி வெளியேறிவிட்டது. அந்தக் குடத்தைச் சுரண்டி எடுத்துவிட்டு வண்ணம் பூசலாம். மற்றவை துளை விழும்வரை அப்படியே இருக்கட்டும்.