ஒரு மாதத்தில ஏறின கடன் வட்டி இறங்க மட்டும் ஏன் இவ்வளவு காலம்?

அச்சகக்காரன், யாழ்ப்பாணம் (2023 செப்ரெம்பர்):

நான் 22 வருசமா சின்ன அச்சகம் நடத்திறன். 2019இல ஓஃப்செற் மெசின் ஒண்டு எடுக்க ஒரு வங்கியில 40 லட்சம் கடன் எடுத்தனான். 13.5 வீதம், மாறும் வட்டி. கொரோனா நேரம் சலுகைக்காலம் தந்தவை. தவணைதான் நிண்டது, வட்டி நிக்கேல்லை. எல்லாம் முதலோட சேர்ந்திட்டுது.

2022 ஏப்ரல் 8ஆம் திகதி மத்திய வங்கி, மற்ற வங்கியளின்ர வட்டிக்கு அடிப்படையா வைக்கிற கொள்கை வட்டியை ஒரே நாளில 7 வீதம் கூட்டினது. மே முதல் கிழமையே எனக்குக் கடிதம் வந்திட்டுது. வருச முடிவில 26 வீதம். மிச்சம் 38 லட்சத்துக்கு வட்டி மட்டும் மாதம் 82 ஆயிரம். பழைய வீதத்தில 43 ஆயிரமும் வராது. அந்த நேரம் கடதாசி இல்லை, கரண்ட் இல்லை, கலியாணக் கார்ட் அடிக்கவும் ஆக்கள் வரேல்லை. மனுசியின்ர காப்புச் சோடி இப்பவும் அடைவிலதான் கிடக்குது.

இந்த வருசம் ஜூனில கொள்கை வட்டி 2.5 வீதம் குறைஞ்சது, ஜூலையில இன்னும் 2. என்ர வட்டி 24இல நிக்குது. போய்க் கேட்டன். முகாமையாளர் கல்குலேற்றரை என் பக்கம் திருப்பி, "வைப்புக்காரருக்கு நாங்கள் இன்னும் கூட வட்டி குடுத்துக்கொண்டிருக்கிறம்" எண்டார். அந்தப் பொடியனில எனக்குக் கோபமில்லை. ஆனா ஏத்தேக்க இருந்த அவசரம் இறக்கேக்க எங்க போச்சு? நான் என்ன செய்யலாம்?

வங்கிக் கடன் பிரிவில முந்தி வேலை செய்தவர்:

தம்பி, முகாமையாளர் சொன்னது பொய்யில்லை. 2022 கடைசியில, அரசாங்கம் குறுங்காலக் கடன் எடுக்கிற திறைசேரி உண்டியலின்ர வட்டியே 30 வீதத்துக்கு மேல போனது. அப்ப ஒரு வருச நிலையான வைப்புக்கு ஒத்துக்கொண்ட வட்டியை வங்கி முதிர்வு வரைக்கும் குடுக்கத்தான் வேணும். ஆனா அது முழுக் கதையுமில்லை. அதே வங்கியள் அதே உண்டியலில காசு போட்டு அந்த வட்டியை எடுத்ததுகள்.

முதல்ல உங்கட கடன் அனுமதிக் கடிதத்தை எடுத்து வாசியுங்கோ. முதன்மைக் கடன் வீதத்தோட, அதாவது வங்கியள் தங்கட நம்பிக்கையான பெரிய வாடிக்கையாளருக்குக் குடுக்கிற வட்டியோட, கட்டின வட்டியெண்டா, எத்தினை மாதத்துக்கு ஒருக்கா மாத்த வேணும் எண்டு அதில இருக்கும். ஏத்தேக்க அந்தத் தவணையைப் பார்த்தவை, இறக்கேக்கயும் பார்க்க வேணும். வாயால கேக்காதேங்கோ, எழுத்தில குடுத்து, பிரதியில முத்திரை வாங்குங்கோ. சரிவராட்டி மத்திய வங்கியின்ர நிதியியல் நுகர்வோர் உறவுகள் திணைக்களத்துக்கு அனுப்பலாம்.

காப்பையும் பாருங்கோ. ஓகஸ்ற் கடைசியில வந்த மத்திய வங்கிக் கட்டளைப்படி அடைவு வட்டி 18 வீதத்தைத் தாண்டக் கூடாது.

கிளிநொச்சித் தங்கச்சி:

அண்ணை, உங்களுக்கு ஒரு கடிதமாவது வந்தது. நான் ஆடைத் தொழிற்சாலையில 9 வருசம். ஜூலை 1ஆம் திகதி பாராளுமன்றத்தில, அரசாங்கம் நாட்டுக்குள்ள வாங்கின கடனை மாத்தி அமைக்கிற உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பு நிறைவேறினது. அரசாங்கத்துக்குக் கடன் குடுத்திருந்த எங்கட ஊழியர் சேமலாப நிதியை அதில சேர்த்தவை, வங்கியளை விட்டிட்டினம். வங்கி விழுந்தா எல்லாரும் விழுவம் எண்டு சொன்னவை. அது விளங்குது. தையல் மெசினுக்கு முன்னால 9 மணித்தியாலம் குனிஞ்சிருக்கிற ஆக்களும் விழுந்துதான் கிடக்கிறம், அதை ஒருத்தரும் கணக்கெடுக்கேல்லை. அண்டைக்கு இரவு எங்கட லைன் பிள்ளையள் ஒருத்தரும் சாப்பிடேல்லை.

அச்சகக்காரன்:

தங்கச்சி, நீங்கள் சொல்லித்தான் நானும் யோசிக்கிறன். என்னட்டை வேலை செய்யிற இரண்டு பேருக்கும் நான் மாதாமாதம் கட்டிற காசும் அந்த நிதிக்குத்தானே போகுது.

ஐயா, கடிதத்தைத் தேடி எடுத்தன். நாலாம் பக்கம், சின்ன எழுத்தில: "மூன்று மாதங்களுக்கு ஒருமுறை மீளாய்வு செய்யப்படும்." எழுத்துக் கோர்க்கிற எனக்கே கண்ணாடி போட்டுத்தான் வாசிக்க முடிஞ்சுது. ஏத்தின கடிதங்களின்ர திகதியளைப் பக்கத்தில எழுதிப் பார்த்தன். மே, ஜூலை, ஒக்ரோபர். மூண்டு மாதம் பொறுக்காமலே ஒருக்கா ஏத்தியிருக்கினம். திங்கக்கிழமை இதையெல்லாம் பிரதி எடுத்துக்கொண்டு போறன். அடைவுச் சீட்டையும் கொண்டுபோறன்.