வணிக மென்பொருள் நிறுவனத்தில் ஆர்க்கிடெக்ட் ஆவதற்கு எதைக் கற்க வேண்டும்?

கேள்வி – ஓஎம்ஆர் பயணி

அனைவருக்கும் வணக்கம். கணக்கு, பில்லிங், சரக்கு இருப்பு ஆகியவற்றுக்கான மென்பொருள் தயாரிக்கும் சென்னை நிறுவனம் ஒன்றில் ஒன்பது ஆண்டுகளாகப் பணிபுரிகிறேன். இரண்டு ஆண்டுகளாக டெக் லீட் (குழுவின் தொழில்நுட்பப் பொறுப்பாளர்). மேனேஜர் பொறுப்பை ஏற்கும்படி கேட்கிறார்கள், ஆனால் என் விருப்பம் ஆர்க்கிடெக்ட் (மென்பொருளின் ஒட்டுமொத்த வடிவமைப்பைத் தீர்மானிப்பவர்) ஆவதில்தான் இருக்கிறது. கிளவுட் சான்றிதழ் பெற்றுவிட்டேன், மென்பொருளைச் சிறு சிறு தனிச் சேவைகளாகப் பிரித்துக் கட்டும் மைக்ரோசர்வீஸ் முறை குறித்தும் நிறையப் படித்திருக்கிறேன். இருந்தும், வடிவமைப்புக் கூட்டங்களில் எங்கள் மூத்த ஆர்க்கிடெக்ட் கேட்கும் கேள்விகள் எனக்குத் தோன்றுவதே இல்லை. இந்தக் குறையை எப்படிச் சரிசெய்வது?

பதில் – பேரேடு

அவருடைய கேள்விகளில் பெரும்பாலானவை கணக்குப் புத்தகத்திலிருந்து பிறக்கின்றன என்று நினைக்கிறேன். நான் இதை 2017இல் கற்றுக்கொண்டேன். வாட், கலால் வரி, சேவை வரி என்று தனித்தனியாக இருந்தவை ஜூலை 1 அன்று ஜிஎஸ்டிக்குள் வந்தபோது, வரி விகிதத்தை மென்பொருள் நிரலுக்குள்ளேயே எழுதி வைத்திருந்த எங்கள் குழு பல வாரங்கள் இரவும் பகலும் உழைக்க நேர்ந்தது. விகிதத்தை, அது எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை செல்லும் என்ற விவரத்தோடு டேட்டாபேஸில் வைத்திருந்தால், அந்த வேலையில் பெரும்பகுதி இருந்திருக்காது. 2025 செப்டம்பர் 22 அன்று பல பொருள்கள் 12, 28 சதவீதங்களிலிருந்து 5, 18 சதவீதங்களுக்கு மாறியபோது, அப்படி வைத்திருந்தவர்களுக்குப் புதிய வரிசைகளைச் சேர்ப்பதே முக்கிய வேலையாக இருந்தது.

அதேபோல், 2023 ஏப்ரல் 1 முதல் கம்பெனிகள் பயன்படுத்தும் கணக்கு மென்பொருளில் ஒவ்வொரு திருத்தமும் எந்தத் தேதியில் செய்யப்பட்டது என்ற தடத்தோடு பதிவாக வேண்டும், அந்த வசதியை நிறுத்திவைக்கவும் முடியக்கூடாது என்பது விதி. பதிவான வவுச்சரை (வரவுசெலவுச் சீட்டை) அழிக்காமல், அதை ரத்துசெய்யும் எதிர்ப்பதிவு போட்டே திருத்தும் கணக்காளரின் பழைய வழக்கத்தை முதலிலேயே பின்பற்றி வடிவமைத்தவர்களுக்கு இந்த விதி பெரிய சுமையாக இல்லை. ஆகவே அடுத்த சான்றிதழுக்கு முன்னால் ஒவ்வொரு பரிவர்த்தனையையும் பற்று, வரவு என இரண்டு இடங்களில் எழுதும் இரட்டைப் பதிவு முறையை, உங்கள் கையால் இருப்புநிலைக் குறிப்பு (பேலன்ஸ் ஷீட்) தயாரிக்கும் அளவுக்குக் கற்றுக்கொள்ளுங்கள்.

பதில் – நொய்யல் கரை

நான் வாடிக்கையாளர் இடத்தில் மென்பொருளை நிறுவித் தரும் இம்ப்ளிமெண்டேஷன் பிரிவிலிருந்து வடிவமைப்புக்கு வந்தவள் என்பதால், மேலே சொன்னதோடு ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். திருப்பூரில் ஒரு பின்னலாடை நிறுவனத்தின் நூல் ஓரிடத்தில் துணியாகி, வேறிடத்தில் சாயம் ஏறி, மூன்றாமிடத்தில் தைக்கப்படுகிறது. இத்தனைக்கும் இடையில் சரக்கு அந்த நிறுவனத்துக்கே சொந்தம். எங்கள் மென்பொருளோ, குடோனில் இருப்பது மட்டுமே நம் சரக்கு என்று எடுத்துக்கொண்டிருந்தது. சரக்கு யாருடையது என்பதும் அது எங்கே இருக்கிறது என்பதும் தனித்தனிச் செய்திகள் என்பதை, ஜாப் ஒர்க் சலான்களை (வேலைக்காக வெளியே அனுப்பும் சரக்குக்கான சீட்டுகளை) நோட்டில் எழுதிக்கொண்டிருந்த ஒரு கணக்காளரின் மேசையருகே உட்கார்ந்தபோதுதான் உணர்ந்தேன். மாதக் கணக்கு முடிக்கும் நாள்களில் ஒரு வாடிக்கையாளர் அலுவலகத்துக்கு உங்களை அனுப்பும்படி கேளுங்கள். நம் மென்பொருளை விட்டுவிட்டு எக்செலுக்கு அவர்கள் எந்த இடத்தில் போகிறார்கள் என்று கவனியுங்கள்.

ஓஎம்ஆர் பயணி

இருவருக்கும் மிக்க நன்றி. மேனேஜர் பொறுப்பை மறுத்தால் வளர்ச்சி நின்றுவிடுமோ என்ற தயக்கம் எனக்கு இன்னும் இருக்கிறது.

பதில் – பேரேடு

உங்கள் நிறுவனத்தில் ஆள்களை நிர்வகிக்காமலே சம்பளமும் பொறுப்பும் உயரும் தொழில்நுட்பப் படிநிலை உண்டா என்பதை ஹெச்ஆரிடம் வெளிப்படையாகக் கேட்டுவிடுங்கள். இல்லையென்றால், அது உள்ள நிறுவனத்துக்கு மாறுவதில் தவறில்லை. ஆனால் மனிதர்களோடு பேசும் வேலையிலிருந்து ஆர்க்கிடெக்டுக்கும் விடுதலை கிடையாது. ஓர் அமைப்பு உருவாக்கும் வடிவமைப்பில் அந்த அமைப்பின் தகவல்தொடர்பு முறையே பிரதிபலிக்கும் என்று அமெரிக்கக் கணினி அறிவியலாளர் மெல்வின் கான்வே 1968இல் எழுதினார். பில்லிங் குழுவும் இருப்புக் குழுவும் பேசிக்கொள்ளாத இடத்தில் வாடிக்கையாளர் பட்டியல் இரண்டு இருக்கும்; அதை ஒன்றாக்க வேண்டுமானால் முதலில் இரு குழுக்களையும் ஒரே மேசைக்குக் கொண்டுவர வேண்டும்.

பதவி கிடைக்கும்வரை காத்திருக்கவும் வேண்டாம். இன்றிலிருந்தே ஒவ்வொரு முக்கிய முடிவையும் ஒரு பக்கத்தில் எழுதுங்கள்: சிக்கல் என்ன, என்னென்ன வழிகள் இருந்தன, எதை ஏன் விலக்கினீர்கள், எந்த நிலை மாறினால் முடிவை மறுபடி பார்க்க வேண்டும். ஐந்தாண்டு கழித்து அந்த நிரலைத் திருத்தப்போகிறவருக்கு, விலக்கிய வழிகளைப் பற்றிய பத்திதான் அதிகம் உதவும்.

ஓஎம்ஆர் பயணி

நீங்கள் சொன்னபின் எங்கள் மென்பொருளின் கிரெடிட் நோட் (விற்ற பில்லின் தொகையைக் குறைக்கப் போடும் சீட்டு) பகுதியைத் திறந்து பார்த்தேன். மூல பில்லை இணைக்காமல் கிரெடிட் நோட் போட்டால், பொருள் விற்ற நாளின் விகிதத்தை எடுக்காமல் அன்றைய விகிதத்தையே எடுத்துக்கொள்கிறது. என் முதல் பக்கத்தை இதைப் பற்றி எழுதி, திங்கட்கிழமைக் கூட்டத்தில் வைக்கப்போகிறேன்.