ஹாலில் கிறிஸ்துமஸ் கணப்பு: நம் ஊருக்கு எது ஒத்துவரும்?

ஈசூன்காரி
சிங்கப்பூரில் நாலறை வீவக (அரசு அடுக்குமாடி) வீடு. ஹாலில் டிவி மேசைக்குப் பக்கத்தில் 120 செ.மீ. சுவர் காலி. கிறிஸ்துமஸுக்கு அங்கே கணப்பு (ஃபயர்பிளேஸ்) மாதிரி ஏதாவது வைக்கலாம் என்று பார்க்கிறேன். இணையத்தில் மூன்று வகை கண்ணில் பட்டது: 1,500 வாட் ஹீட்டரோடு மின்கணப்பு (120 வோல்ட் என்று போட்டிருக்கிறது), தண்ணீர் ஊற்றினால் புகை மாதிரி விடுவது, எத்தனால் ஊற்றி நிஜமாகவே எரிப்பது. சூடு வேண்டாம், பார்க்கத் தீ மாதிரி இருந்தால் போதும். மூன்று வயதுப் பிள்ளை இருக்கிறது. எதை வாங்கலாம்?

வயர்மேன்
120 வோல்ட் பெட்டியைத் தொடாதீர்கள். இங்கே 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். நேரே செருகினால் 1,500 வாட் ஹீட்டர் 5,500 வாட் இழுக்கப் பார்க்கும்; 13 ஆம்பியர் பிளக் தாங்குவதோ ஏறக்குறைய 3,000 வாட்தான். ஃபியூஸ் போகும், அதற்குள் எல்இடி போர்டும் கருகியிருக்கும். டிரான்ஸ்ஃபார்மர் வைத்தால் வோல்ட் சரியாகும், ஹெர்ட்ஸ் மாறாது. பல மாடல்களில் பளபளக்கும் தகடு ஒட்டிய ஒரு தண்டைச் சின்ன மோட்டார் சுழற்றும்; எல்இடி ஒளி அதில் பட்டுத் திரையில் தீயாக ஆடும். சிங்க்ரனஸ் மோட்டாரின் வேகம் ஹெர்ட்ஸைப் பொறுத்தது; 60 ஹெர்ட்ஸுக்குச் செய்தது இங்கே ஆறில் ஐந்து பங்கு வேகத்தில்தான் சுற்றும். தீ தூங்கி வழியும்.

230 வோல்ட் மாடல் என்றால் ஹீட்டர் இல்லாமல் தீ மட்டும் எரிய விடும் சுவிட்ச் உண்டா என்று முதலில் கேளுங்கள். பிளக்கிலும், கூடவே வாங்கும் அலங்கார விளக்குச் சரத்திலும் சேஃப்டி மார்க் (பாதுகாப்பு முத்திரை) இருக்க வேண்டும். பின்னாளில் கிறீச்சென்று சத்தம் வந்தால் பிளக்கைக் கழற்றிவிட்டு அந்தத் தண்டின் இரு முனைகளையும் பாருங்கள். பெரும்பாலும் அங்கே தூசி அடைந்திருக்கும், இல்லையென்றால் ரப்பர் தளர்ந்திருக்கும்.

தோ பாயோ மாமா
எத்தனால் வேண்டவே வேண்டாம்மா. 1 லிட்டர் எரிந்தால் ஏறக்குறைய 5.9 கிலோவாட்-மணி சூடு, 900 கிராமுக்கு மேல் நீராவி. அரை லிட்டரை ஒரு மணி நேரத்தில் எரித்தால் கிட்டத்தட்ட 3 கிலோவாட். 9,000 பிடியூ ஏர்கான் வெளியே தள்ளுவது 2.6 கிலோவாட்தான். காசு கொடுத்து ஏர்கானோடு மல்லுக்கு நிற்பானேன்? அதைவிட மோசம், அணைந்துவிட்டது என்று நினைத்துச் சூடான பர்னரில் மறுபடி ஊற்றுவது. வெளிச்சத்தில் எத்தனால் தீ கண்ணுக்கே தெரியாது. ஆவி பற்றிக்கொண்டு பாட்டில் வாயிலிருந்து எதிரே நிற்பவர் மேல் தீ பீறிடும். பிள்ளை இருக்கிற வீட்டில் பேச்சே இல்லை.

தண்ணீர் வகையில் வருவது குளிர்ந்த பனித்துளி, அல்ட்ராசானிக் தகடு அதிர்ந்து கிளப்புவது. அழகில் இதுதான் முதல், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இங்கே காற்றின் ஈரப்பதம் ஏற்கெனவே 80 விழுக்காட்டைத் தாண்டியது. டிசம்பர் மழையில் அதோடு இதுவும் சேரும். குழாய்த் தண்ணீர் ஊற்றினால் தகட்டில் வெள்ளைப் படிவு கட்டிப் பனி மெலியும். தொட்டியில் தண்ணீரை விட்டுவிட்டு ஊருக்குப் போனால் ஏடிஸ் கொசுவுக்குக் கொண்டாட்டம். முட்டை கொசுவாக ஒரு வாரம் போதும், அபராதமும் வரும். வாங்கினால் அணைக்கும்போதெல்லாம் தொட்டியைக் கவிழ்த்துக் காயவைக்க வேண்டும்.

பட்டறைக்காரன்
சூடே வேண்டாமென்றால் அட்டைப்பெட்டி போதுமே. இரண்டு தூண்கள், ஒவ்வொன்றும் 25 செ.மீ. அகலம், 25 ஆழம், 85 உயரம். நடுவே 55 செ.மீ. வாய். மேலே 110 × 30 × 12 அளவில் பலகை மாதிரி ஒரு பெட்டி. தூண்களுக்குள் அடியில் 2 கிலோ அரிசிப் பொட்டலம் வையுங்கள், பிள்ளை இழுத்தால் சாயாது. அட்டைக்கு ஒரு பக்கம் மட்டும் பெயின்ட் அடித்தால் வளையும். இரண்டு பக்கமும் ஒரு கோட் அடித்துக் காய்ந்தபின் செங்கல் ஸ்டிக்கர் ஒட்டுங்கள். வாயின் உட்பக்கம் மேட் கறுப்பு. பளபளப்புக் கறுப்பில் ஒவ்வொரு எல்இடியும் புள்ளிபுள்ளியாகத் தெரிந்து காரியம் கெடும்.

விறகுக்கு முன்னால் விளக்கு வைப்பதுதான் எல்லாரும் செய்யும் தப்பு. ஒளி கீழிருந்தும் பின்னாலிருந்தும் வர வேண்டும். கசக்கிய அலுமினியத் தாளைத் தரையில் விரித்து, ஆம்பர் நிற 100 எல்இடி சரத்தைச் சுருட்டி வைத்து, ஆரஞ்சு செலோஃபேன் போர்த்தி, அதன்மேல் குச்சிகளை அடுக்குங்கள். பின்னால் மினுக்கும் எல்இடி மெழுகுவத்தி மூன்று. ஒன்றுக்கொன்று ஒத்து மினுக்காத வரை நல்லது. பொத்தான் பேட்டரி போட்டவை வேண்டாம், பிள்ளை விழுங்கினால் ஆபத்து.

விறகு எரியும் சத்தமும் முக்கியம். விறகுக்குள் அடைபட்ட ஈரமும் பிசினும் ஆவியாகி வெடிப்பதால் அது ஒழுங்கில்லாமல் வரும். 30 விநாடிப் பதிவு சுற்றிச்சுற்றி வந்தால் காது உடனே கண்டுபிடித்துவிடும். நீளமான பதிவாகப் போட்டு, ஸ்பீக்கரை விறகுக்குப் பின்னால் மறைத்து, பேச்சுச் சத்தத்துக்குக் கீழே வையுங்கள்.

ஈசூன்காரி
அட்டையே செய்கிறேன். ஏர்கான் காற்று நேராக அந்தச் சுவரில் படுகிறது, ஸ்டிக்கர் உரியுமா? 100 எல்இடிக்கு ஃபோன் சார்ஜர் போதுமா அண்ணே?

பட்டறைக்காரன்
யூஎஸ்பி சரம் என்றால் 5 வோல்ட் 1 ஆம்பியர் சார்ஜர் பொதுவாகப் போதும்; சரத்தின் பெட்டியில் ஆம்பியர் போட்டிருக்கும், ஒருமுறை பாருங்கள். ஏர்கான் காற்றை விட மழை ஈரத்தில்தான் ஸ்டிக்கர் ஓரம் தூக்கும். ஓரங்களை 2 செ.மீ. உள்பக்கம் மடித்து ஒட்டுங்கள். பண்டிகை முடிந்ததும் வெளியே நடைபாதையில் வைக்காதீர்கள், 1.2 மீட்டர் வழி விட வேண்டும். பிரித்துத் தட்டையாக்கிக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடலாம். ஸ்டோர் ரூமில் வைத்தால் பூஞ்சணம் பிடிக்கும்.