புதுப்பிப்பு: படங்கள் சுருங்கின, சில படுத்துக்கொண்டன

அண்ணன் கல்யாணப் படங்கள் வட்டை அடைக்கின்றன, லினக்ஸில் கட்டளை தட்டும் முனையத்திலிருந்தே மொத்தமாகச் சுருக்க முடியுமா என்று போன வாரம் கேட்டிருந்தேன். பலரும் ஜேபெக் படங்களைச் சுருக்கும் ஜேபெக்ஆப்டிம் கருவியைச் சொன்னீர்கள்.

வெறுமனே ஓட்டியபோது அளவு கொஞ்சம்தான் குறைந்தது. அப்படி ஓட்டினால் அது தரத்தைத் தொடுவதில்லை, படத் தகவலைக் குறுக்கி எழுத உதவும் ஹஃப்மன் அட்டவணையை மட்டும் சீராக்குகிறது. உச்சத் தரம் 80 என்று வைத்ததும் 5 எம்பி படம் 2 எம்பிக்குக் கீழே வந்தது. பெரிதாக்கிப் பார்த்தும் என் கண்ணுக்கு வித்தியாசம் தெரியவில்லை.

சொதப்பல் அடுத்துதான். கூடவே, கோப்பிலுள்ள கூடுதல் குறிப்புகளை எல்லாம் நீக்கும் "ஸ்ட்ரிப் ஆல்" சேர்த்தேன். செங்குத்தாக எடுத்த படங்கள் எல்லாம் படுத்துவிட்டன! பல கேமராக்கள் படத்தைத் திருப்பிச் சேமிப்பதில்லையாம், எந்தப் பக்கம் மேலே என்று எக்ஸிஃபில் (படக் கோப்புக்குள் இருக்கும் குறிப்புகள்) குறித்து வைப்பதோடு சரி. நான் அந்தக் குறிப்பையே அழித்திருக்கிறேன். எடுத்த தேதியும் அதோடு போச்சு. ஜேபெக்ஆப்டிம் மூலக் கோப்பின் மேலேயே எழுதும். நல்லவேளை, நகலில்தான் கை வைத்திருந்தேன்.

இப்போது இமேஜ்மேஜிக் என்ற இன்னொரு படக் கருவியில் "ஆட்டோ ஓரியன்ட்" கொடுத்து நிமிர்த்தி, நீளப் பக்கத்தை 2000 பிக்சலாக்கி, தரம் 80ஐயும் அங்கேயே வைத்துவிடுகிறேன். இரண்டு கருவியிலும் தரத்தை வெட்டினால் படம் இருமுறை அடிபடும். ஜேபெக்ஆப்டிமுக்குக் கடைசி மெருகு மட்டும்.

பிஎன்ஜி வகைப் படங்களை இன்னும் தொடவில்லை.