மறு: ரீஇன்ட்ரொடக்‌ஷன் – ‘மறு அறிமுகம்’ சரிப்படுமா?

வணக்கம் அக்கா,

புல்வெளி ஆர்க்கிட் துண்டுப்பிரசுரத்துக்கு நீங்க போட்ட பட்டியல்ல மத்த சொல்லெல்லாம் எனக்குச் சம்மதம். ரீஇன்ட்ரொடக்‌ஷனுக்கு, அதாவது ஒரு இடத்துல அழிஞ்சுபோன இனத்தைத் திரும்ப அதே இடத்துல கொண்டாந்து வைக்கிறதுக்கு, நீங்க போட்ட ‘மறு அறிமுகம்’ மட்டும் வேண்டாம்.

நாம எழுதுறது ஸ்பாத்தோகுளோட்டிஸ் பிளிகேட்டா பத்தி. மரத்துல தொத்தாம தரையில முளைச்சு, மடிப்பு மடிப்பா இலை விட்டு ஊதாப்பூ பூக்கிற செடி, வெயில் விழுற புல்வெளியும் மண் சரிஞ்ச மேடும்தான் அதுக்குத் தோதான இடம். சிங்கப்பூருக்கே சொந்தம், ஆனா இங்க இயற்கையா தானே வளர்றது இப்ப ரொம்ப அரிது. ரோட்டோரத்துலயும் அடுக்குமாடி புளோக் கீழயும் நாம பாக்குறது பெரும்பாலும் நர்சரியில வாங்கி நட்டது, அதுல கலப்பினமும் நெறைய. இதே செடி போர்ட்டோ ரிக்கோவுல அயல் இனம், கட்டுப்பாடில்லாம பரவிக்கிட்டு இருக்கு. அங்க அதை ‘அறிமுக இனம்’னு எழுதிட்டு, இங்க சொந்த மண்ணுக்குத் திருப்பிக் கொண்டாந்து வச்சதை ‘மறு அறிமுக இனம்’னு எழுதுனா, படிக்கிறவங்க இதுவும் வெளியூர்ச் செடி, ரெண்டாவது தடவையா வந்திருக்குன்னுதானே நெனைப்பாங்க?

ஐயுசிஎன், அதான் இயற்கைப் பாதுகாப்புக்கான உலக அமைப்பு, 2013ல வெளியிட்ட வழிகாட்டியும் இதைப் பிரிச்சுத்தான் சொல்லுது. ஒரு உயிரினம் முன்னாடி வாழ்ந்து அழிஞ்சுபோன அதே பரப்புல திரும்ப விடுறது ரீஇன்ட்ரொடக்‌ஷன். அந்தப் பரப்புக்கு வெளியில, பாதுகாக்கணும்னே கொண்டுபோய் விடுறதுக்குத் தனிப் பேர், கன்சர்வேஷன் இன்ட்ரொடக்‌ஷன். ‘அறிமுகம்’ங்கற சொல்லை நாம அதுக்கு விட்டுவைக்கணும்.

இதுக்குப் பதிலா ஐயா சொன்ன ‘மறுநடவு’ காதுக்கு நல்லாத்தான் இருக்கு. ஆனா நட்டதோட வேலை முடிஞ்ச மாதிரி ஒரு அர்த்தம் அதுல வந்துடுது. ஆர்க்கிட் விதை தூசி மாதிரி இருக்கும், உள்ள சேமிச்சு வச்ச உணவு கிட்டத்தட்ட இல்லவே இல்ல, மண்ணுல சரியான பூஞ்சையோட சேர்ந்தாத்தான் முளைக்கும். அதனாலதான் ஆய்வுக்கூடத்துல சர்க்கரை கலந்த அகார் (கடற்பாசிக் கூழ்) மேல குடுவைக்குள்ள விதைச்சு வளர்க்குறாங்க. பூமலையில, அதான் சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவுல, 1995ல தொடங்குன ஆர்க்கிட் பாதுகாப்புத் திட்டத்துலயும் குடுவையில வளர்த்த நாத்தைத்தான் பூங்காவுலயும் சாலையோர மரத்துலயும் கொண்டுபோய் வச்சாங்க, புலி ஆர்க்கிட்டும் அப்படி வந்ததுதான். நாத்து பிழைக்கிறது முதல் படி. அதுக்கப்புறம் பூக்கணும், வண்டு வரணும், காய் பிடிக்கணும், விதை பூஞ்சையைக் கண்டுபிடிச்சு யாரும் நடாம அடுத்த தலைமுறை முளைக்கணும், இதுக்கெல்லாம் வருஷக்கணக்கா ஆளுங்க பொறுமையா காத்திருந்து கணக்கெடுக்குறாங்க. அந்தக் காத்திருப்பும் சொல்லுக்குள்ள இருக்கணும்னு எனக்கு ஆசை.

அதனால என் பரிந்துரை: நாம செய்யிற வேலைக்கு ‘மீள்குடியமர்த்தல்’, செடி தானே நிலைச்சுப் பெருகுறதுக்கு ‘மீள்குடியமர்வு’. அமர்த்துறது நம்ம கையில, அமர்றது அதோட கையில. ‘500 நாத்து நட்டோம்’னு ஒரு அறிக்கை சொன்னா அது மீள்குடியமர்த்தல் மட்டும்தான்னு படிக்கிறவங்களுக்குச் சட்டுனு புரியும். இருவாச்சிக்கும் இதே சொல் பொருந்தும், செடிக்கு ஒண்ணு பறவைக்கு ஒண்ணுன்னு தேட வேண்டாம்.

‘மீள்குடியேற்றம்’ போதாதான்னு கேப்பீங்க. இலங்கைத் தமிழர்கிட்ட அது போர்ல இடம்பெயர்ந்த மக்கள் சொந்த ஊருக்குத் திரும்புறது. இங்க உள்ள பெரியவங்களுக்குக் குடியேற்றம்னாலே கம்பத்துக் கிராமத்தை விட்டு அடுக்குமாடிக்குப் போனதுதான் ஞாபகம் வரும், அது பழைய இடத்தை விட்டுப் போறது, நாம சொல்ல வர்றதுக்கு நேர் எதிர். மக்களோட அனுபவம் அவ்வளவு ஆழமா ஏறின சொல்லைச் செடிக்கு எடுக்க எனக்கு மனசு வரல.

ஏற்கெனவே கொஞ்சம் செடி மிஞ்சியிருக்கிற இடத்துல கூடுதலா நடுறதுக்கு ‘வலுவூட்டல்’ போதும், அதுல யாருக்கும் ஆட்சேபம் இருக்காதுன்னு நெனைக்கிறேன்.

ரீஇன்ட்ரொடியூஸ்ட் பாப்புலேஷனுக்கு, அதாவது அப்படித் திரும்பக் கொண்டாந்து வச்சு ஒரு இடத்துல வாழுற செடிங்க மொத்தத்துக்குத்தான், இன்னும் நல்லதா அமையல. ‘மீள்குடித் தொகுதி’னா தேர்தல் தொகுதி ஞாபகம் வருது, ‘கூட்டம்’னா விலங்குக்குச் சரி, செடிக்கு ஒட்டல. அச்சுக்குப் போறதுக்குள்ள யாராவது ஒரு சொல் குடுங்களேன்.