வீட்டுக்கு நிலக்கரி பாய்லர்: எந்த வகை, எந்த அளவுக் கரி?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டில், சுடுநீர் ஓடி அறைகளைச் சூடாக்கும் ரேடியேட்டர் குழாய்கள் ஏற்கெனவே பொருத்தப்பட்டுள்ளன. அந்த நீரைச் சூடாக்கிய எண்ணெய் பாய்லர் மாற்ற வேண்டிய நிலைக்கு வந்துவிட்டதால், அந்த இடத்தில் நிலக்கரி பாய்லரை அமைக்கலாம் என்று எண்ணுகிறேன். மிகக் குளிரான நாளில் வீடு இழக்கும் வெப்பம் 12 கிலோவாட் என்று கணக்கிட்டுத் தந்திருக்கிறார்கள். ஆனால் விற்பனையாளர் 30 கிலோவாட் பாய்லரையே பரிந்துரைக்கிறார். பெரியதாக இருந்தால் பின்னால் கவலை இருக்காது என்பது அவர் வாதம்.

கையால் கரி அள்ளிப்போடும் பாய்லரா, தானாகவே கரியை ஊட்டிக்கொள்ளும் ஸ்டோக்கர் வகையா என்பதிலும் எனக்குத் தெளிவில்லை. கரியைப் பொறுத்தவரை, பெரிய துண்டுகள் நெடுநேரம் நின்று எரியும், ஆகவே அவற்றையே வாங்குங்கள் என்கிறார்கள். இது சரியா? அனுபவமுள்ளவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதில் 1

வணக்கம். பாய்லரை முதலில் தேர்ந்தெடுத்துவிட்டுப் பிறகு கரியைத் தேடுவது பலரும் செய்வது. நீங்கள் தலைகீழாகச் செய்யுங்கள். உங்களுக்கு ஆண்டுதோறும் தடையின்றிக் கிடைக்கக்கூடிய கரி எந்த வகை, எந்த அளவு என்பதை முதலில் உறுதிசெய்துகொள்ளுங்கள். அதன் பிறகு அந்தக் கரிக்கென்றே வடிவமைக்கப்பட்ட பாய்லரைப் பாருங்கள். இதில் சட்டத்துக்கும் பங்கு உண்டு. இங்கிலாந்தில் வீடுகளில் எரிக்கும் சாதாரண பிட்டுமினஸ் கரியின் (புகை மிகுந்த வகை) விற்பனை 2023 மே 1 முதல் முழுமையாக நிறுத்தப்பட்டது. அந்தக் கரியை நம்பி அடுப்பு வைத்தவர்கள் வேறு எரிபொருளுக்கு மாற வேண்டியதாயிற்று.

ஆந்த்ரசைட் எனப்படும் கடினமான கரியில் ஆவியாகி வெளியேறும் பொருள்கள் மிகக் குறைவு என்பதால் அது புகையின்றி, குட்டையான நீலச் சுடருடன் எரியும். அதற்கு வேண்டிய காற்று பெரும்பாலும் அடியிலிருந்து, கிரேட் எனப்படும் இரும்புச் சட்டத்தின் இடைவெளிகள் வழியாகவே வர வேண்டும். பிட்டுமினஸ் கரி சூடானதும் ஏராளமான வாயுக்களை வெளிவிடும். அவற்றை எரிக்க நெருப்புக்கு மேலேயும் காற்று தேவை, இல்லாவிட்டால் அவை கரிப்புகையாகப் புகைபோக்கியில் படியும். ஒன்றுக்கென்று செய்த பாய்லரில் மற்றதைப் போட்டால் இரண்டு வகையிலும் நஷ்டம்தான்.

அளவு விஷயத்துக்கு வருகிறேன். அமெரிக்க ஆந்த்ரசைட் வணிகத்தில் ஒவ்வோர் அளவுக்கும் ஒரு பெயர் உண்டு: ரைஸ் என்பது ஏறத்தாழ 5 முதல் 8 மி.மீ., பக்வீட் 8 முதல் 14 மி.மீ., பீ 14 முதல் 21 மி.மீ., நட் 21 முதல் 41 மி.மீ., ஸ்டோவ் 41 முதல் 62 மி.மீ. வரை. ஸ்டோக்கர் பாய்லர்கள் பெரும்பாலும் ரைஸ் அல்லது பக்வீட் அளவுக்கே செய்யப்பட்டவை. அதைவிடப் பெரிய துண்டு ஊட்டுத் திருகில் சிக்கிக்கொள்ளும். கையால் போடும் பாய்லர்களுக்கு நட் அளவே பொதுவாகப் பொருந்தும். ரைஸ் அளவை அதில் கொட்டினால் பாதி கிரேட்டின் வழியே கீழே விழும், மீதி காற்றை அடைத்து நெருப்பை அணைத்துவிடும்.

பெரிய துண்டுதான் நெடுநேரம் எரியும் என்பது முழு உண்மையன்று. எவ்வளவு நேரம் எரியும் என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பவை கரிப்படுகையின் ஆழமும் நீங்கள் அனுமதிக்கும் காற்றும்தான். துண்டு பெரிதாகப் பெரிதாகப் படுகையும் ஆழமாக இருக்க வேண்டும். நட் அளவுக்கே 20 முதல் 30 செ.மீ. ஆழம் வேண்டும். பாய்லரின் எரியறை சிறியதாக இருக்கையில் ஸ்டோவ் அளவைப் போட்டால் துண்டுகளுக்கிடையே காற்று கட்டுக்கடங்காமல் ஓடிவிடும், ஒன்றின் வெப்பம் மற்றொன்றைப் போதுமான அளவு எட்டாது, நெருப்பு நடுவிலேயே அணையும்.

பதில் 2

முந்தைய பதிலுடன் உடன்படுகிறேன். எத்தனை கிலோவாட் என்பது குறித்து மட்டும் சொல்கிறேன்: 30 கிலோவாட் வேண்டவே வேண்டாம்.

நல்ல ஆந்த்ரசைட் ஒரு கிலோவில் ஏறத்தாழ 29 மெகாஜூல், அதாவது 8 கிலோவாட்-மணி வெப்பம் இருக்கும். பாய்லரின் திறன் 75 சதவீதம், அதாவது அந்த வெப்பத்தில் அவ்வளவுதான் வீட்டுக்குச் சேரும் என்று வைத்துக்கொண்டால் உங்கள் கைக்கு வருவது 6 கிலோவாட்-மணி. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2020 ஜனவரி 1 முதல் 20 கிலோவாட் வரையிலான புதிய திட எரிபொருள் பாய்லர்களுக்கு விதிக்கப்பட்ட குறைந்தபட்சப் பருவகாலத் திறனும் (குளிர்காலம் முழுவதற்குமான சராசரி) அந்த 75 சதவீதமே. உங்கள் வீட்டின் 12 கிலோவாட்டை 24 மணி நேரத்தால் பெருக்கினால் 288. அதை 6ஆல் வகுத்தால் 48 கிலோ. மிகக் குளிரான நாளின் தேவையே இவ்வளவுதான். மற்ற நாள்களில் இதில் பாதியோ அதற்கும் குறைவோ போதும். 30 கிலோவாட் பாய்லரை அந்த நாள்களில் ஓட்டினால் பெரும்பகுதி நேரம் காற்றை அடைத்து வைத்தே ஓட்ட வேண்டியிருக்கும். கரி அரைகுறையாக எரியும், கார்பன் மோனாக்சைடு பெருகும், புகைபோக்கி குளிர்ந்து, புகையை மேலே இழுக்கும் அதன் இழுப்பு தளரும். 15 கிலோவாட்டை ஒட்டிய ஒன்றைத் தேடுங்கள்.

இன்னொன்று, ரேடியேட்டரிலிருந்து திரும்பி வரும் நீர் 55 டிகிரிக்குக் கீழே பாய்லருக்குள் நுழையாதபடி, அதனுடன் சுடுநீரைச் சேர்க்கும் கலப்பு வால்வு வைக்கச் சொல்லுங்கள். குளிர்ந்த இரும்புச் சுவரில் ஈரம் படிந்து, கரியிலுள்ள கந்தகத்துடன் சேர்ந்து அமிலமாகி, சுவரை அரித்துவிடும்.

என்னைக் கேட்டால் ஸ்டோக்கரே சிறந்தது. தெர்மோஸ்டாட் கேட்கும்போது கரியை ஊட்டும், மற்ற நேரத்தில் நெருப்பு அணையாமல் காக்க மட்டும் சிறிது ஊட்டும். குளிரும் இதமும் மாறிமாறி வரும் பருவத்தில் அதன் அருமை தெரியும்.

கேட்டவர்

இருவருக்கும் மிக்க நன்றி. எங்கள் பகுதியில் நட், பீ இரண்டு அளவிலும் ஆந்த்ரசைட் ஆண்டு முழுவதும் கிடைக்கிறது. ரைஸ் எப்போதாவதுதான் வருகிறது. குளிர்காலத்தில் மின்வெட்டும் அடிக்கடி உண்டு. அப்படியென்றால் கையால் போடும் வகையே எனக்கு ஏற்றது என்று கொள்ளலாமா? வாங்கும் கரி நல்லதுதானா என்பதை எப்படிச் சோதிப்பது?

பதில் 3

நீங்கள் சொல்லும் நிலையில் கையால் போடும் வகையே சரி. ஸ்டோக்கருக்கு மின்சாரமும் வேண்டும், சீரான சிறிய கரியும் வேண்டும். உங்களுக்கு இரண்டுமே உறுதியில்லை. ஆனால் ஒன்றை மறக்க வேண்டாம். எண்ணெய் பாய்லரில் மின்சாரம் நின்றதும் நெருப்பும் நின்றுவிடும். இங்கே பம்பு நின்ற பிறகும் தணல் எரிந்துகொண்டேதான் இருக்கும், நீர் கொதிக்கத் தொடங்கிவிடும். எனவே மின்சாரம் போனவுடன் தானாகத் திறந்துகொள்ளும் வால்வு ஒன்றை வைத்து, பாய்லருக்கு மேலே உள்ள ரேடியேட்டர்களுக்குப் பம்பின் உதவியில்லாமலேயே சுடுநீர் ஏறும்படி குழாயமைக்கச் சொல்லுங்கள். அழுத்தம் தணிக்கும் வால்வு அதற்கு மாற்றாகாது. அதுவும் வேண்டும், இதுவும் வேண்டும்.

கரியைச் சோதிக்க ஒரு வாளி மாதிரி கேளுங்கள். குறிப்பிட்ட அளவுக்கும் கீழான சல்லடையில் சலித்து, அடியில் விழும் தூளை நிறுத்துப் பாருங்கள். கூழாங்கற்களின் இடைவெளியில் மணலைக் கொட்டினால் நீர் வடியாததைப் போல, தூள் மிகுந்த கரியில் காற்று ஏறாது. நல்ல ஆந்த்ரசைட் கையில் கனமாக இருக்கும், கண்ணாடி போல் உடைந்த முகம் பளபளக்கும். பளபளப்பில்லாத சாம்பல் நிறத் துண்டுகள் கலந்திருந்தால் அவை கல், எரியாது. எடைக்கு எடை வாங்குவதால் நீர் சொட்டும் கரியையும் தவிர்த்துவிடுங்கள். சாம்பல் 10 சதவீதம் என்றால் குளிர் மிகுந்த நாளில் ஏறத்தாழ 5 கிலோ சாம்பலை அள்ள வேண்டும் என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

பீ அளவைத் தனியாகப் போட வேண்டாம். இரவு நேரத்தில் நட் கரியின் மேல் சிறிதளவு கலந்து போட்டால் இடைவெளிகள் நிரம்பி நெருப்பு மெல்ல எரியும். அது பயனுள்ள வழிதான், ஆனால் உங்கள் புகைபோக்கியின் இழுப்பு நன்றாக இருந்தால் மட்டுமே.

புதுக் கரி போடும்போது தணல் முழுவதையும் மூடிவிடாதீர்கள். ஒரு மூலையிலாவது செந்தணல் தெரிய வேண்டும். சில நிமிடங்களில் கரிய துண்டுகளின் மேல் நீலச் சுடர்கள் ஓடத் தொடங்கும், புதுக் கரியிலிருந்து எழும் வாயு அந்தத் தணலால் பற்றிக்கொண்டதற்கு அதுவே அடையாளம். முழுவதும் மூடிவிட்டால் வாயு தேங்கி, பிறகு ஒரேயடியாகப் பற்றி, கதவைத் தள்ளித் திறக்கும் அளவுக்கு வெடிக்கக்கூடும். ஆந்த்ரசைட்டை மேலிருந்து கிளறக் கூடாது. கிரேட்டை அடியிலிருந்து அசைத்து, சாம்பல் தட்டில் செம்பொறிகள் விழத் தொடங்கியதும் நிறுத்திவிட வேண்டும். தட்டில் சாம்பல் கிரேட்டைத் தொடும் அளவுக்குச் சேர்ந்துவிட்டால் அடியில் காற்றோட்டம் நின்று, கிரேட் சூட்டில் வளைந்துவிடும்.

பாய்லர் இருக்கும் அறையிலும் படுக்கையறைக்கு அருகிலும் கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி கட்டாயம் வேண்டும். ஆந்த்ரசைட் புகையில்லாமல் எரிவதால் கசிவு இருந்தாலும் கண்ணுக்கோ மூக்குக்கோ தெரியாது. குளிர்காலம் முடிந்ததும் சாம்பல் முழுவதையும், புகைக்குழாயின் வளைவில் தங்கும் நுண்சாம்பல் உட்பட, அன்றே வழித்தெடுத்துவிடுங்கள். கோடையின் ஈரக்காற்றில் அது ஊறினால் பாய்லரின் உட்சுவரை உள்ளிருந்தே அரிக்கும்.