பழைய ஹார்ட் டிஸ்க்கை மாட்டினால் லோகோவிலேயே நிற்கிறது, கழற்றினால் பூட்டே ஆகவில்லை

தூசிதட்டி:
ஒரு வாரமாக மண்டையைக் குடையும் பிரச்சினை, யாராவது உதவுங்கள். என் சிஸ்டத்தில் மூன்று டிஸ்க் இருக்கின்றன. விண்டோஸ் 10 இருக்கும் எம்.2 எஸ்எஸ்டி, அதற்கு முன்பு விண்டோஸ் வைத்திருந்த 1 டிபி ஹார்ட் டிஸ்க், அதற்கும் முந்தைய கம்ப்யூட்டரிலிருந்து பிடுங்கி மாட்டிய 320 ஜிபி ஹார்ட் டிஸ்க். பவர் பட்டனை அமுக்கினால் மதர்போர்டு லோகோ வந்து அப்படியே மூன்று நான்கு நிமிடம் உறைந்து நிற்கிறது, டெலீட் பட்டனை எத்தனை தடவை தட்டினாலும் பயாஸுக்குள் (மதர்போர்டின் அமைப்புத் திரை) போவதில்லை, அப்புறம் திடீரென்று ஏதோ நினைவு வந்த மாதிரி விண்டோஸ் வந்துவிடுகிறது.

சரி, பழைய டிஸ்க்கில்தான் வில்லங்கம் என்று இரண்டையும் ஒரேயடியாகக் கழற்றினேன். லோகோ இரண்டு நொடியில் போய்விட்டது. ஆனால் அடுத்து கறுப்புத் திரை, பூட் செய்ய டிவைஸ் இல்லையாம். விண்டோஸ் எஸ்எஸ்டியில்தானே இருக்கிறது? சி டிரைவ் அதுதான், நானே பார்த்தேன். இரண்டையும் திரும்ப மாட்டினால் பழையபடி நான்கு நிமிடம் கழித்து ஒழுங்காக உள்ளே போகிறது. போனது எஸ்எஸ்டியா, மதர்போர்டா? 320-இல் பழைய படங்கள் இருக்கின்றன, வேறு காப்பி இல்லை, திட்டாதீர்கள்.

கருவண்டு:
பயாஸில் பூட் ஆர்டரைப் பாருங்கள், எஸ்எஸ்டியை முதலில் வையுங்கள். டிஸ்க்கை மதர்போர்டோடு இணைக்கும் சாட்டா கேபிளையும் மாற்றிப் பாருங்கள், பல நேரம் அதுதான்.

நட்டுபோல்ட்டு:
பூட் ஆர்டரைப் பார்ப்பதில் தப்பில்லை, ஆனால் இது அதோடு முடியாது. இரண்டு டிஸ்க்கையும் ஒன்றாகக் கழற்றியதால் இரண்டு தனித்தனிக் கோளாறு ஒன்று போலத் தெரிகிறது. ஒரு டிஸ்க் சாகக் கிடக்கிறது, இன்னொன்றில் உங்கள் விண்டோஸின் சாவி இருக்கிறது. எது எது என்று கண்டுபிடிப்பதுதான் வேலை.

லோகோ ஏன் நிற்கிறது என்றால், பவர் வந்ததும் பயாஸ் ஒவ்வொரு சாட்டா போர்ட்டிலும் போய் நீ யார், உன் கொள்ளளவு எவ்வளவு என்று கேட்கும். ஹார்ட் டிஸ்க் பதில் சொல்ல வேண்டுமென்றால் முதலில் தட்டு சுழன்று வேகம் எடுக்க வேண்டும், பிறகு அந்தத் தட்டிலேயே ஒரு தனி இடத்தில் எழுதி வைத்திருக்கும் தன் சொந்த விவரங்களைப் படிக்க வேண்டும். அங்கே தட்டைப் படிக்கும் ஹெட் தடுமாறினால் பதில் வராது. பயாஸ் காத்திருக்கும், ரீசெட் கொடுக்கும், மறுபடி கேட்கும், அது முடியும்வரை டெலீட் பட்டனை நீங்கள் என்ன தட்டினாலும் அதற்குக் கேட்காது. விண்டோஸும் இதே மாதிரிதான், ஒரு கட்டளைக்கு இயல்பாக 60 நொடி வரை காத்திருந்துவிட்டுத்தான் டிஸ்க்கை ரீசெட் செய்யும்.

கம்ப்யூட்டரை ஷட் டவுன் செய்து, பவர் கேபிளைப் பிடுங்கிவிட்டு, 320-ஐ மட்டும் கழற்றிப் பாருங்கள். அடுத்த தடவை 1 டிபியை மட்டும். மாட்டிய நிலையில் கேஸின் பக்க மூடியைத் திறந்து வைத்து பவர் போட்டு, காதைக் கிட்டே கொண்டுபோய்க் கேளுங்கள். நல்ல டிஸ்க் ஒரே சீராக விர்ரென்று வேகம் எடுத்து ஒரு சின்ன கரகரப்போடு அடங்கிவிடும். டிக், டிக், டிக் என்று ஒரே இடைவெளியில் தட்டிக்கொண்டே இருந்தாலோ, வேகம் எடுத்து நின்று மறுபடி எடுத்தாலோ அதுதான் ஆள்.

உள்ளே போனதும் இரண்டு பாருங்கள். விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் ஈஎஃப்ஐ சிஸ்டம் பார்ட்டிஷன் (பூட் ஃபைல்கள் இருக்கும் பகுதி, நான் சாவி என்றது இதைத்தான்) எந்த டிஸ்க்கில் இருக்கிறது? கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற மென்பொருளைப் போட்டு ஸ்மார்ட் விவரத்தில் (டிஸ்க் தன்னைப் பற்றித் தானே வைத்திருக்கும் கணக்கு) 05, சி5, சி6, சி7 நான்கும் என்ன காட்டுகின்றன? சி7 மட்டும் ஏறிக்கொண்டே போனால் கருவண்டு சொன்ன மாதிரி கேபிள். மற்ற மூன்றும் தட்டின் உடல்நிலை.

சும்மாஒருத்தன்:
320-க்கு செக்டிஸ்க் ஸ்லாஷ் ஆர் போட்டுவிடுங்கள், பேட் செக்டர் (தட்டில் கெட்டுப்போன சிறு துண்டுகள்) எல்லாம் சரியாகிவிடும். நான் அப்படித்தான் செய்வேன்.

நட்டுபோல்ட்டு:
தயவு செய்து வேண்டாம். வேறு காப்பி இல்லாத படங்கள் அதில் இருக்கின்றன. செக்டிஸ்க் ஃபைல் சிஸ்டத்தை ஒழுங்குபடுத்துமே தவிர தட்டைக் குணமாக்காது. ஸ்லாஷ் ஆர் போட்டால் டிஸ்க் முழுவதையும் ஓரம்விடாமல் படிக்க வைக்கும், கூடவே ஃபைல் பதிவுகளில் எழுதவும் செய்யும். மூச்சு வாங்கிக்கொண்டு படுத்திருப்பவரை எழுப்பி மாடிப்படி ஏறச் சொல்வது போல. முதலில் காப்பி, பிறகு எது வேண்டுமானாலும்.

தூசிதட்டி:
செய்து பார்த்துவிட்டேன். நீங்கள் சொன்னது அப்படியே.

320-ஐ மட்டும் கழற்றினால் சிஸ்டம் பறக்கிறது. 1 டிபியை மட்டும் கழற்றினால் நான்கு நிமிடம் லோகோ, அதற்குப் பிறகு பூட் டிவைஸ் இல்லை. டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் 100 எம்பி ஈஎஃப்ஐ பார்ட்டிஷன் 1 டிபியில் இருக்கிறது, எஸ்எஸ்டியில் அப்படி ஒன்று இல்லவே இல்லை. 320-இல் சத்தம் டிக் டிக் இல்லை, இரண்டு தடவை வேகம் எடுத்து எடுத்து நிற்கிறது. சி7 பூஜ்யம். சி5 எதிரே 1சி8 என்று இருக்கிறது, ஓடிய நேரம் ஏ031 என்கிறது, இது என்ன கணக்கு?

நட்டுபோல்ட்டு:
அந்த மென்பொருள் மூல எண்ணைப் பதினாறடிமானத்தில் காட்டும், அமைப்பில் பத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். 1சி8 என்றால் 456, அத்தனை செக்டர்களைப் படிக்க முடியாமல் நிலுவையில் வைத்திருக்கிறது. ஏ031 என்றால் 41009 மணி நேரம், நிறுத்தாமல் சுற்றினால் நாலரை வருடத்துக்கு மேல். நன்றாகவே உழைத்திருக்கிறது, பாவம்.

எஸ்எஸ்டி கதை எளிது. விண்டோஸ் போடும்போது 1 டிபியும் மாட்டியே இருந்திருக்கும். அதில் ஏற்கெனவே ஈஎஃப்ஐ பார்ட்டிஷன் இருந்ததால் இன்ஸ்டாலர் புதிதாக ஒன்றை உருவாக்காமல் பூட் ஃபைல்களை அங்கேயே வைத்துவிட்டது. இதனால்தான் விண்டோஸ் போடும்போது மற்ற டிஸ்க்கையெல்லாம் கழற்றி வையுங்கள் என்று தொண்டை கிழியச் சொல்வது. ரீ-இன்ஸ்டால் தேவையில்லை. சி டிரைவைக் கொஞ்சம் சுருக்கி, விண்டோஸின் டிஸ்க்பார்ட் கட்டளையில் எஸ்எஸ்டியைத் தேர்ந்தெடுத்து (டிஸ்க் எண்ணை இரண்டு தடவை பாருங்கள்) 260 எம்பிக்கு ஈஎஃப்ஐ வகைப் பார்ட்டிஷன் உருவாக்கி, ஃபேட்32-இல் ஃபார்மட் செய்து, ஒரு எழுத்து கொடுங்கள். பிறகு பிசிடிபூட் கட்டளைக்கு சி டிரைவின் விண்டோஸ் ஃபோல்டர், அந்தப் புதிய எழுத்து, யூஈஎஃப்ஐ வகை மூன்றையும் கொடுத்தால் பூட் ஃபைல்களை அது எழுதிவிடும். 1 டிபியில் இருக்கும் பழைய பார்ட்டிஷனை இப்போது அழிக்காதீர்கள். 1 டிபி இல்லாமல் பூட் ஆகிறது என்று கண்ணால் பார்த்த பிறகு அதைப் பற்றி யோசிக்கலாம்.

320-ஐ உள்ளே வைக்காதீர்கள். சிஸ்டம் ஆன் ஆன பிறகு யூஎஸ்பி வழியாக மாட்டுங்கள், அப்போது பூட்டுக்குத் தொல்லை இல்லை. 3.5 அங்குல டிஸ்க்குக்கு 12 வோல்ட் வேண்டும், யூஎஸ்பி மட்டும் போதாது, தனி பவர் அடாப்டர் உள்ள டாக் (டிஸ்க்கைச் செருகி யூஎஸ்பியில் இணைக்கும் பெட்டி) தேவைப்படும். லைவ் லினக்ஸில் (இன்ஸ்டால் செய்யாமல் பென் டிரைவிலிருந்தே ஓடுவது) டிடிரெஸ்கியூ என்ற மீட்பு மென்பொருளைப் போட்டு முழு டிஸ்க்கையும் 1 டிபிக்குள் ஒரு இமேஜ் ஃபைலாக எடுங்கள், எதுவரை படித்தது என்று குறித்து வைக்கும் மேப் ஃபைல் கொடுக்க மறக்க வேண்டாம். எளிதாகப் படிக்க முடிகிற இடங்களை முதலில் அள்ளிவிட்டு, முரண்டு பிடிக்கும் இடங்களுக்குக் கடைசியில்தான் வரும். பாதியில் நின்றாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

இரவுப்பறவை:
நடுவில் புகுந்ததற்கு மன்னிக்கவும். என்னுடையது இன்னும் பழசு, சாட்டாவுக்கு முந்தைய ஐடிஈ டிஸ்க் இரண்டு ஒரே பட்டைக் கேபிளில். இரண்டாவதை மாட்டினால் இரண்டுமே தெரிவதில்லை.

கருவண்டு:
டிஸ்க்கின் பின்பக்கம் பவர் சாக்கெட்டுக்குப் பக்கத்தில் சின்ன ஜம்பர் இருக்கும், இரண்டும் மாஸ்டரில் இருந்தால் இப்படித்தான் சண்டை போடும். ஒன்றை மாஸ்டர், மற்றதை ஸ்லேவ் ஆக்குங்கள். எந்த ஊசிகளில் செருகுவது என்று டிஸ்க் லேபிளிலேயே படம் போட்டிருக்கும்.

தூசிதட்டி:
முடிந்தது! எஸ்எஸ்டி இப்போது தனியாகவே பூட் ஆகிறது. முதலில் பயாஸ் பழைய விண்டோஸ் பூட் மேனேஜரையே பிடித்துக்கொண்டிருந்தது, புதியதை மேலே ஏற்றியதும் சரி. 320-இன் இமேஜ் எடுக்க இரண்டு ராத்திரி ஆயிற்று, கடைசி கொஞ்ச இடத்துக்கு மட்டும் ஒரு முழு ராத்திரி. பதினோரு படங்கள் திறக்கவில்லை, மற்றதெல்லாம் கிடைத்துவிட்டது. ஒரே ஒரு சந்தேகம், 320-ஐ இனி ஃபார்மட் செய்து பாட்டு மட்டுமாவது போட்டு வைக்கலாமா?

நட்டுபோல்ட்டு:
வேண்டாம். இமேஜுக்கு இன்னொரு காப்பி எடுத்தீர்களா, அதைச் சொல்லுங்கள்.